பாலைவனத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

குழந்தைகளே! உங்கள் அப்பாவோ மாமாவோ ஓட்டும் மோட்டார் சைக்கிளைக் கடற்கரை மணலில் இறக்கினால் என்ன ஆகும்? பத்தடி போவதற்குள் பின்சக்கரம் புதைந்துவிடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஆனால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தை மோட்டார் சைக்கிளிலேயே கடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டி மட்டும் எப்படி ஓடுகிறது?

1977-ஆம் ஆண்டு தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவின் அபிட்ஜானிலிருந்து பிரான்சின் நீஸ் நகருக்கு நடந்த பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டது. நல்லவேளை, தேடிப் போனவர்கள் அவரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். வேறு யாராவது என்றால் 'போதுமடா சாமி' என்று வீட்டோடு இருந்திருப்பார்கள். அவரோ, 'இந்தப் பாலைவனத்தை எல்லாரும் பார்க்க வேண்டும்' என்று ஒரு பந்தயத்தையே ஏற்பாடு செய்தார்! அதுதான் பாரிஸ் - டக்கார் பந்தயம். டக்கார், செனகல் நாட்டின் தலைநகரம்.

1978 டிசம்பர் 26 அன்று பாரிசிலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. காரும் உண்டு, லாரியும் உண்டு. சுமார் 10,000 கிலோமீட்டர். டக்கார் போய்ச் சேர்ந்தவை 74 மட்டுமே. முதலில் வந்தது எது தெரியுமா? காரும் இல்லை, லாரியும் இல்லை. யமஹா எக்ஸ்.டி.500 என்ற மோட்டார் சைக்கிள்! ஓட்டியவர் சிரில் நெவூ. இரண்டாம் இடமும் அதே ரக வண்டிக்குத்தான்.

அது கடையில் விற்ற வண்டிதான். ஆனால், அப்படியே பாலைவனத்துக்கு எடுத்துப் போக முடியாது. அதன் பெட்ரோல் டேங்கில் ஒன்பது லிட்டர்கூடப் பிடிக்காது. நடுப் பாலைவனத்தில் பெட்ரோல் பங்க் ஏது? எனவே பெரிய டேங்க் பொருத்தினார்கள். இங்கேதான் சிக்கல். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. முப்பது லிட்டர் என்றால் 22 கிலோவுக்கு மேல். கனம் கூடினால் மணலில் இன்னும் ஆழமாகப் புதையும்! ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று கெடுகிறது. வண்டியை மாற்றி அமைப்பவர்களுக்கு எப்போதும் இதே தலைவலிதான்.

கனத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நான் சின்ன வயதில் சைக்கிள் கேரியரின் கடைசியில் ஒரு அரிசி மூட்டையைக் கட்டி மேட்டில் ஏறினேன். முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது! மூட்டையும் நானும் தரையில். அதனால்தான் இன்றைய பந்தய வண்டிகளில் ஒரே பெரிய டேங்குக்குப் பதிலாக முன்னும் பின்னுமாகச் சில டேங்குகளை வைத்து, கனத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

அடுத்தது டயர். மணலில் ஓட்டும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ஆச்சரியமாக இருக்கிறதா? ஒட்டகத்தின் பாதம் தரையில் அகலமாகப் பரவும் அல்லவா? காற்றுக் குறைந்த டயரும் அப்படியே பரவி, மணலின் மேல் மிதப்பதுபோல் போகும். ஆனால் பாருங்கள், காற்றுக் குறைந்தால் டயர் ரிம்மைவிட்டு வழுக்கிச் சுற்றும். உள்ளே டியூபையும் இழுக்கும், வால்வு பிய்ந்துவிடும். அதைத் தடுக்க ரிம்மோடு டயரைக் கவ்விப் பிடிக்கும் 'ரிம் லாக்' என்ற பிடிப்பான் வேண்டும். பாறையில் காற்றுக் குறைவாக ஓட்டினாலோ, ரிம்மே நசுங்கும். எனவே பந்தய வீரர்கள் இப்போது டியூபுக்குப் பதிலாகக் காற்றே தேவையில்லாத நுரை வளையத்தை உள்ளே வைக்கிறார்கள். பஞ்சரே ஆகாது!

சக்கரத்தில் கம்பிகள் இருப்பதும் அழகுக்காக அல்ல. வார்ப்புச் சக்கரம் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். கம்பிச் சக்கரம் சற்றே வளைந்துகொடுக்கும். ஒரு கம்பி ஒடிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எஞ்சினும் மூச்சு விடுகிறது, தெரியுமா? ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ பதினைந்து கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றோடு மாவு போன்ற மணல் உள்ளே போனால் பிஸ்டனும் சிலிண்டரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் கீறிவிடும். எண்ணெயில் ஊறிய நுரை வடிகட்டி அந்தத் தூசியைப் பிடித்துவைக்கும். அதை அடிக்கடி கழுவி, மறுபடி எண்ணெய் தடவ வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால், அதைச் செய்யாத வண்டி ஊர் திரும்பாது. எஞ்சினின் அடியில் அலுமினியத் தகடு, கைப்பிடிக்குக் காப்பு, உயரமான ஷாக் அப்சார்பர் என்று இன்னும் பல உண்டு.

இந்தப் பந்தயத்தில் உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, 'அண்ணா வண்டியைப் பிரித்துப் பார்க்கலாமா?' என்று கிளம்பிவிடாதீர்கள்! கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். பதிவு செய்த வண்டியை இஷ்டம்போல் மாற்றவும் சட்டம் இடம் தராது.

2009 முதல் தென் அமெரிக்காவில் நடந்துவந்த இந்தப் பந்தயம், 2020 முதல் சவுதி அரேபியாவில் நடக்கிறது. பெயர் மட்டும் இன்னும் டக்கார்தான்! 2015-இல் பெங்களூருவைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 36-ஆவதாக வந்து, இதை முடித்த முதல் இந்தியர் ஆனார்.

கடைசியாக ஒரு வேலை. மோட்டார் சைக்கிளில் செயின் ஓடும் பற்சக்கரங்களில் முன்னது சிறியது, பின்னது பெரியது. முன்னதில் 15 பல், பின்னதில் 45 பல் என்றால், முன்னது மூன்று சுற்று சுற்றினால் பின்னது ஒரு சுற்று. பின்னதை 50 பல் ஆக்கினால் வேகம் குறையும். மணலில் இழுக்கும் பலம் கூடும். இப்போது உங்கள் சைக்கிளைப் பாருங்கள். முன்னால் பெரியது, பின்னால் சிறியது. தலைகீழ்! எஞ்சின் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை சுழலும். உங்கள் கால் எத்தனை முறை சுற்றும்? பற்களை எண்ணி, ஒரு மிதிக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்களேன்.