கருப்பு பீரில் எங்கே பிழை? நாக்கு வைத்து டீபக்கிங்

முதல்லயே சொல்லிடறேன். தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம வீட்ல பீர் காய்ச்சறது குற்றம், அதனால இது செய்முறைக் குறிப்பு இல்லை. பிரிட்டன்ல 1963-லயும், அமெரிக்காவுல 1978-லயும் சட்டம் மாறின பிறகு அங்கே இது பெரிய பொழுதுபோக்கு ஆயிடுச்சு. அவங்க தலைவலியில நமக்கு நல்ல கெமிஸ்ட்ரி கிடைக்குது.

19 லிட்டர் ஸ்டவுட் காய்ச்சி, வாரக்கணக்கில் காத்திருந்து பாட்டிலைத் திறந்தா ருசி சரியில்லை. கொட்டணுமா, வச்சிருக்கலாமா? கருப்பு பீர்ல இதைக் கண்டுபிடிக்கறது கஷ்டம். வறுத்த பார்லியின் ருசி பாதித் தப்பை மறைச்சிடும், மீதியை மாதிரியே நடிக்கும்.

இங்க நமக்கு ஒரு வசதி இருக்கு. ஆங்கிலத்துல பலபேர் ‘பிட்டர்’னு ஒரே வார்த்தையில முடிச்சிடறதை, நாம கசப்பு, துவர்ப்புன்னு சின்ன வயசுலயே பிரிச்சுப் பழகியிருக்கோம். நாவல்பழம் சாப்பிட்ட மாதிரி நாக்கு இழுத்துப் பிடிச்சா அது துவர்ப்பு. தானியத்தின் உமியில இருக்கற டானின் இறங்கியிருக்குன்னு அர்த்தம். உமியை ரொம்ப சூடான தண்ணியில, பி.ஹெச் 6-க்கு மேல போற அளவுக்கு அலசினா இப்படி ஆகும். அதிகமா கொதிச்ச டீ மாதிரிதான்.

துவர்ப்பு இல்லாம, கருகின காபி மாதிரி கூர்மையா, லேசான புளிப்போட குத்தினா, சந்தேகப்பட வேண்டியது தண்ணியை. வறுத்த தானியத்துக்கு அமிலத்தன்மை அதிகம். மேஷ், அதாவது மாவுச்சத்து சர்க்கரையாகும் கட்டத்துல, பி.ஹெச் 5.4 பக்கம் இருந்தா நல்லது. தண்ணியில பைகார்பனேட் இருந்தா அந்த அமிலத்தைத் தாங்கிக்கும். டப்ளின் தண்ணியில அது தாராளம், அதனால ஸ்டவுட்டுக்குப் பொருந்துச்சு. செக் நாட்டு பில்சன் நகரத்துத் தண்ணி ரொம்ப மென்மை, அங்கே வெளிர் பீர்தான் பேர் வாங்குச்சு. ஆர்.ஓ. தண்ணியில ஸ்டவுட் காய்ச்சறவங்க கொஞ்சம் சமையல் சோடா சேர்க்கறது இதுக்காகத்தான். இல்லைன்னா வறுத்த பார்லியைத் தனியா பச்சைத் தண்ணியில ஊறவச்சு, கடைசியில ஊத்துவாங்க. என் பார்வையில இரண்டாவதுதான் சுத்தமான வழி, கணக்கே வேண்டாம்.

புளிப்பு மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறிட்டே போனா பாக்டீரியா புகுந்திருக்கு. அதுல பேச ஒண்ணுமில்லை.

வெண்ணெய் வாசனை வந்தா டைஅசிடைல். இதுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். ஈஸ்ட் வெளியே விடற ஒரு பொருள்தான் டைஅசிடைலா மாறுது. நேரம் கொடுத்தா அதே ஈஸ்ட் திரும்ப எடுத்துக்கும். பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி 20 டிகிரி பக்கத்துல இரண்டு மூணு நாள் விட்டா போதும். ஒரு அழகான டெஸ்ட்டும் உண்டு: கொஞ்சம் பீரை மூடி 60 டிகிரிக்கு மேல சூடாக்கி, ஆறவச்சு மோந்து பார்ப்பாங்க. வெண்ணெய் வாசனை அடிச்சா இன்னும் பொறுக்கணும்.

டெட்டால் வாடை வேற கதை. குழாய்த் தண்ணியில இருக்கற குளோரினும் பீர்ல இருக்கற ஃபீனாலும் சேர்ந்த வேலை அது (டெட்டாலும் அதே குடும்பத்துக் கெமிக்கல்தான்!). காய்ச்சறதுக்கு முன்னாடி மெட்டாபைசல்பைட் மாத்திரை போட்டா தீரும். வாடை வந்த பிறகு போகாது.

சோயா சாஸ் வாசனையும் அப்படித்தான். காத்துல இருக்கற ஆக்சிஜன் கலந்திருக்கும், இல்லை செத்த ஈஸ்ட் மேல மாசக்கணக்கில் கிடந்திருக்கும். அந்த 19 லிட்டரைக் கொட்டிட்டு, அடுத்த தடவை டியூபை பாட்டில் அடிவரைக்கும் விட்டு, சலசலப்பில்லாம நிரப்ப வேண்டியதுதான்.