அளவுக்கோட்டை நகர்த்தும்முன் கவனியுங்கள்

வீட்டு வரைபடத்தில் உள்ள எண்ணை நம்பித்தான் கொத்தனார் நூல் பிடிக்கிறார். அந்த எண் தவறினால் எழுப்பிய சுவரை இடிக்க வேண்டிவரும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் உம்மாவின் வீட்டில், குளியலறையை மாற்றிக் கட்ட உதவினோம். வரைபடத்தை எங்கள் அலுவலகக் கணினியிலேயே வரைந்தோம். சமையலறை 8 அடி, குளியலறை 5 அடி, நடுவே ஓர் அரைக்கல் சுவர். பிறகு சமையலறையை 6 அங்குலம் கூட்டித் தரும்படி வீட்டார் கேட்டார்கள். திரையில் நடுச்சுவரை நகர்த்தினோம். சமையலறை அளவை 8 அடி 6 அங்குலமாகத் திருத்தினோம். குளியலறை அளவைத் திருத்த மறந்தோம். அது 5 அடி என்றே நின்றது.

கொத்தனார் சமையலறைப் பக்கமிருந்து அளந்து சுவரை எழுப்பினார். குளியலறைக்கு மிஞ்சியது 4 அடி 6 அங்குலம். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 5 அடி, இடம் வேண்டும். “வண்டி உள்ளே வருது வாப்பா, திரும்பத்தான் மாட்டேங்குது” என்றார் அந்த உம்மா. சுவரை இடித்து மறுபடி கட்டினோம். கொத்தனார் மீது தவறில்லை, தவறு எங்களுடையது.

நமதூரில் வீடு கட்டும் பலர் இப்போது தாங்களே கணினியில் வரைகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் அங்கிருந்தே வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். நாங்கள் பயன்படுத்துவது ‘ஸ்வீட் ஹோம் 3டி’ என்ற இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

அளவுக்கோடு சுவரோடு கட்டப்பட்டதல்ல

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். இந்த மென்பொருளில் சுவர் ஒரு பொருள். அளவுக்கோடு வேறொரு பொருள். கோட்டின் மேல் தெரியும் எண், அந்தக் கோட்டின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் மட்டுமே. சுவரை மட்டும் நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே, பழைய எண்ணோடு நிற்கும். கோட்டின் நீளத்தை மாற்றினால் சுவர் அசையாது. ஆகவே ஒரு சுவரை நகர்த்தினால், அதன் இருபுறமும் உள்ள எல்லா அளவுக்கோடுகளையும் பார்த்துத் திருத்துவது நம் பொறுப்பு.

தேர்ந்தெடுப்பது எப்படி?

அம்புக்குறி வடிவில் உள்ள தேர்வுக் கருவியை எடுத்து, அளவுக்கோட்டின் மீது ஒருமுறை சொடுக்குங்கள். கோட்டின் நிறம் மாறும். இரு முனைகளிலும் நடுவிலும் சிறிய பிடிகள் தோன்றும். ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொடுக்கலாம். ஆனால் பிடிகள் தோன்ற ஒரு கோடு மட்டும் தேர்வில் இருக்க வேண்டும்.

“கோட்டைத் தொட்டால் சுவர் அல்லவா மாட்டுகிறது?” என்று சிலர் கேட்கிறார்கள். கோடு சுவரை ஒட்டி இருந்தால் அப்படித்தான் ஆகும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, சுவரைவிட்டு விலகியிருக்கும் பகுதியில் சொடுக்குங்கள். எதைத் தொட்டாலும் எதுவுமே தேர்வாகவில்லை என்றால் வரைபடம் பூட்டப்பட்டிருக்கலாம். ‘லாக் பேஸ் பிளான்’ என்ற பூட்டு போட்டிருந்தால் சுவர்களும் அளவுக்கோடுகளும் தேர்வாகாது. ‘பிளான்’ பட்டியலில் போய் அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். மாடி வீடென்றால், கோடு எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தளத்தின் தாவலில் நிற்கிறீர்களா என்றும் பாருங்கள்.

நகர்த்துவதில் மூன்று வகை

மூன்றும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பலன் வேறு வேறு.

1. முழுக் கோட்டையும் இழுப்பது. இரு முனைகளும் சேர்ந்து நகரும்; எண் மாறாது. ஆனால் முனைகள் சுவரைவிட்டுப் போய்விடும். பிறகு அந்த எண் எதை அளக்கிறது என்று யாருக்கும் விளங்காது. அம்புக்குறி விசைகளை அழுத்தினாலும் இதேதான் நடக்கும்.

2. ஒரு முனையை மட்டும் இழுப்பது. கோட்டின் நீளம் மாறும், எண்ணும் மாறும். சுவரை நகர்த்திய பிறகு செய்ய வேண்டியது இதுதான். முனையைப் பிடித்துப் புதிய சுவர் முகத்தில் கொண்டுபோய் வையுங்கள். காந்த இழுப்பு இயக்கத்தில் இருந்தால் முனை சில இடங்களில் தானாக ஒட்டிக்கொள்ளலாம். ஒட்ட வேண்டாத இடத்தில் ஒட்டினால், விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுக்கலாம்.

3. நடுப்பிடியை இழுப்பது. அளக்கும் புள்ளிகள் சுவரிலேயே நிற்கும். கோடும் எண்ணும் மட்டும் சுவரைவிட்டு விலகி வரும். எண்ணின் மேல் கட்டிலோ கதவோ மறைத்துக்கொண்டு நின்றால், எண்ணைத் தெளிவான இடத்துக்குக் கொண்டுவர இதையே பயன்படுத்துங்கள்.

பெரும்பாலான குழப்பம் முதல் வகையால் வருகிறது. எண்ணைச் சற்றுத் தள்ளி வைக்க நினைத்து முழுக் கோட்டையும் இழுத்துவிடுகிறார்கள். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோல் விசையோடு இசட் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

அறையையே வேறிடத்துக்கு மாற்றுகிறீர்கள் என்றால், சுவர்களையும் அவற்றின் அளவுக்கோடுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒன்றாக இழுங்கள். வெற்றிடத்தில் சுட்டியை அழுத்தி, வேண்டியவற்றைச் சுற்றிக் கட்டமிட்டால் எல்லாம் ஒரே தேர்வில் வரும்.

உள் அளவா, வெளி அளவா?

முனையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 9 அங்குலச் சுவர்களுக்குள் 10 அடி அகலமுள்ள அறையை வெளிமுகத்திலிருந்து அளந்தால் 11 அடி 6 அங்குலம் வரும். ஒரு கோடு உள்முகத்தில் தொடங்கி வெளிமுகத்தில் முடிந்தால் 10 அடி 9 அங்குலம் என்று காட்டும். அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. அறை அளவுகள் எல்லாம் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு, வீட்டின் மொத்த அளவு வெளிமுகத்திலிருந்து வெளிமுகத்துக்கு என்று ஒரே முறையாக வையுங்கள். பூச்சு வேலை இரு பக்கமும் சேர்ந்து அறையில் ஏறத்தாழ ஓர் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். சக்கர நாற்காலி திரும்பும் இடம், கட்டில், பீரோ போன்றவற்றுக்கு அந்த ஓர் அங்குலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரையத் தொடங்கும்முன் ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் அலகை அடி அங்குலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கொத்தனார் அடிக்கணக்கில் வேலை செய்பவராக இருக்கும்போது சென்டிமீட்டரில் படம் கொடுத்தால், கணக்கு மாற்றும் இடத்தில் பிழை நுழையும். சுவரின் தடிமனையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்முன் ஒரு கூட்டல்

எங்கள் தவறை ஒரே ஒரு கூட்டல் தடுத்திருக்கும். சமையலறை 8 அடி 6 அங்குலம், நடுச்சுவர் 4½ அங்குலம், குளியலறை 5 அடி. கூட்டினால் 13 அடி 10½ அங்குலம். ஆனால் அங்கே இருந்த மொத்த உள் நீளம் 13 அடி 4½ அங்குலம்தான். 6 அங்குலம் உதைத்தது. படத்தை நாங்கள் பத்து முறை பார்த்தோம்; ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் அறைகளின் அளவையும் சுவர்களின் தடிமனையும் கூட்டுங்கள். மொத்த அளவோடு ஒத்துவர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு கோடு பழைய இடத்தில் நிற்கிறது என்று பொருள்.

திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பாதீர்கள், எண்கள் மங்கிவிடும். ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ மூலம் எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் படத்தில் தேதியை எழுதுங்கள். பழைய படம் கொத்தனார் கையில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி வரையும் படம் நம் தேவையைப் பொறியாளருக்கும் கொத்தனாருக்கும் புரியவைப்பதற்கு மட்டுமே. கம்பி, அடித்தளம், கட்டட அனுமதி ஆகியவற்றுக்குத் தகுதியுள்ள பொறியாளரின் வரைபடம் அவசியம்.

அந்த உம்மாவின் குளியலறை இப்போது 5 அடி இருக்கிறது. வண்டி திரும்புகிறது. இரண்டாவது முறை சுவர் எழுப்பும்முன் கொத்தனார் டேப்பை நீட்டி, “எண்ணை ஒருதடவை கூட்டிப் பாத்துட்டீங்களா?” என்று கேட்டார். பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

வீட்டுப் படம் வரைந்து வைத்திருப்பவர்கள் வேலை தொடங்கும்முன் அதை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், உட்கார்ந்து சேர்ந்து கூட்டிப் பார்க்கலாம். கால் மணி நேரம்கூட ஆகாது.