மாதிரிக் கப்பலும் அளவுத்திட்டமும்

மாதிரிக் கப்பல் அமைத்தலைச் சிறுவர் விளையாட்டென எண்ணுவாருளர். ஆயின் விளையாட்டுப் பொருளினின்றும் மாதிரியுருவை வேறுபடுத்துவது அளவுத்திட்டமாகும். ஆங்கிலக் கடற்படைக்கென 17 ஆம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட மாதிரிகளுட் பல ஓரடிக்குக் கால் அங்குலம், அஃதாவது 48 இல் ஒன்று என்னும் விகிதத்தின. அவற்றின் அடிப்பாகத்திற் பலகை பொருத்தாது, விலாவெலும்பு போன்ற வங்குகளைத் திறந்தே விட்டனர். அக்காலக் கப்பல்கள் பலவற்றின் வரைபடங்கள் இன்றில்லை. மாதிரிகளே சான்றாய் நிற்கின்றன.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, பின்னர் வேறு பெயர் பூண்டு 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த 'அன்னபூரணி'யை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 89 அடி. அகலம் 19 அடி. மேற்கூறிய விகிதத்தில் இவை முறையே 22¼ அங்குலமும் 4¾ அங்குலமுமாகும். இம்மட்டும் எளிய கணக்கே. ஓரங்குலத் தடிப்புள்ள கயிறு தையல்நூலளவாய் மெலிதல் வேண்டும். (பலரது பொறுமை இங்கேதான் முடிகின்றது.) மரத்தின் வரிகளோ நம் விகிதத்துக்குச் சுருங்குவதில்லை. தேக்கின் அகன்ற வரி சிறு பலகையிற் கண்ணை உறுத்தும். ஆதலின் வல்லார் பேரிமரம் போன்ற நுண்வரி மரங்களையே நாடுவர்.

இதனினும் பெரிய இடர் மிதக்க விடும்போது தோன்றும். நீளம் 48 இல் ஒன்றாகப் பாயின் பரப்பு 2,304 இல் ஒன்றாகும். கப்பலின் எடையோ 1,10,592 இல் ஒன்றாகிவிடும். காற்று மட்டும் குறைவதில்லை. எனவே சரியளவிற் செய்த மாதிரி இளங்காற்றிலும் கவிழக்கூடும். அதனைத் தடுக்க அடியில் ஈயப்பாரம் தொங்கவிடுவர். அது குளத்துக்கு வேண்டியதே. கண்ணாடிப் பேழையில் வைக்கும் மாதிரிக்கு ஒவ்வாது.