விமான வானொலியில் இரைச்சல் ஏன்?

வில்பட்டியின் பூண்டு வயலோரத்தில் 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைக்கானல் பண்பலையைக் கேட்டிருப்பவர், அருகே மோட்டார் சைக்கிள் சென்றாலும் பாட்டுக் கெடாததையும், மத்திய அலையிலோ அதே வண்டி படபடவென்று புகுந்துவிடுவதையும் கவனித்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் ரேடியோ அலையைப் பரப்புகிறது. மார்க்கோனியின் ஆதி கம்பியில்லாத் தந்தியே பொறியால்தானே நடந்தது! அந்த இரைச்சல் அலையின் வீச்சைக் கலைக்கிறது. மத்திய அலை செய்தியை ஏற்றுவதோ அந்த வீச்சில்தான்; அதிர்வெண்ணில் ஏற்றும் பண்பலை பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

அவ்வாறாயின், மும்பையில் மொட்டை மாடியின்மேல் அமோல் யாதவ் செய்ததுபோல் சொந்த முயற்சியில் விமானம் நிர்மாணிப்போரும், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானத் தொடர்பில் வீச்சு முறையையே சகித்துக்கொள்வானேன்? பண்பலையில் வலிய அலை மெலியதை விழுங்கிவிடும். வீச்சு முறையில், இருவர் ஒரே சமயத்தில் பேசினால், அந்தக் குழப்பமாவது கட்டுப்பாட்டு அறையின் செவிக்கு எட்டும். இரைச்சல் அதற்குக் கொடுக்கும் விலை. நியாயமான விலையென்றே எனக்குத் தோன்றுகிறது.

விலையைக் குறைக்க, இரைச்சல் வரும் வழியை முதலில் அறிய வேண்டும். விமான வானொலியின் ஆன்டெனாவைக் கழற்றிய பின்னும் இரைச்சல் நீடித்தால், அது மின்கம்பிகளின் வழியே வருகிறது. தனி பாட்டரியில் வானொலியை இயக்கி அதனை உறுதி செய்யலாம். எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கை பெரும்பாலும் ஆல்டர்னேட்டருடையது, படபடப்போ ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் ஊட்டும் மாக்னெட்டோவுடையது. பின்னதற்கு உலோக வலையுறையிட்ட கம்பிகளே பரிகாரம். அவ்வுறை எஞ்சினோடு செவ்வையாக இணைந்திராவிடில், பிரயோஜனம் சொற்பமே.