பட்டாவில் ஏர்ஸ், பேச்சில் சென்ட், கடையில் மூட்டை!

உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்ற இடத்தில் '0 - 81.00' என்று இருந்தால் அது 81 சென்ட் அல்ல. 81 ஏர்ஸ், அதாவது 2 ஏக்கர். ஒரு ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் 2.47 சென்ட். நூறு ஏர்ஸ் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். பாகப்பிரிவினையிலும் கிரயத்திலும் இந்த இடத்தில் ஏமாந்தால் பாதி நிலத்துக்கு மேல் கணக்கில் காணாமல் போகும்.

நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது 1956-ல். படியும் வள்ளமும் சந்தையை விட்டுப் போய்விட்டன. ஆனாலும் கோவை மில்களில் பஞ்சு விலை இன்றும் கேண்டியில்தான் (சுமார் 356 கிலோ) பேசப்படுகிறது. அவர்களுக்கு அது பழகிய கணக்கு, நஷ்டமில்லை. நமக்கு நஷ்டம் உரத்தில்தான்.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேருக்குச் சொல்லப்படுபவை. இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குப் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ. ஏக்கருக்கு மாற்ற 2.5-ஆல் வகுத்தால் போதும்: 100:30:30. ஹெக்டேர் அளவை அப்படியே ஏக்கருக்குக் கொட்டினால் காசும் போகும், மண்ணும் கெடும்.

அடுத்தது மூட்டை. மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் போடுகிறீர்கள் என்றால், 100 கிலோ தழைச்சத்து முழுவதும் யூரியாவிலிருந்தே வர வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. எனவே 217 கிலோ தேவை. 50 கிலோ மூட்டை இருந்த காலத்தில் இது 4 மூட்டையும் 17 கிலோவும். 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோதான். இப்போது 4 மூட்டையும் 37 கிலோவும் வேண்டும். பழைய கணக்கிலேயே போட்டால் 20 கிலோ யூரியா, அதாவது 9 கிலோ தழைச்சத்து குறையும். பயிர் வெளுத்தால் விதையைக் குறை சொல்வோம்! பொட்டாஷ் கணக்கு சுலபம்: 60 சதவீதச் சத்துள்ள 50 கிலோ மூட்டை ஒன்று ஏக்கருக்குச் சரி. மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். அது ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு மூடிக் கணக்கு வேண்டாம். மூடிகள் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். லிட்டருக்கு 2 மில்லி என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி. ஒரு சதவீத யூரியா கரைசல் என்றால் லிட்டருக்கு 10 கிராம். 16 லிட்டர் டேங்குக்கு 160 கிராம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல்.