துரைப் பட்டத்தைப் பறித்தவர்கள்

கலகம் என்றால் இருப்பதை உடைப்பது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ரங்கூனை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இல்லை.

அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது போட்டாதாங். பெயருக்கு ஆயிரம் படைத்தலைவர்கள் என்று பொருள். 'போ' என்றால் படைத்தலைவன். இந்தச் சொல் பின்னால் வரும்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள், பெரும்பாலும் தெலுங்கர்கள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியர்களை வேலைக்கு வைத்தார்கள். சமரசம் ஆனதும் பர்மியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கலவரம் மூண்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆட்களை மாற்றி மாற்றி எடுத்த முதலாளிகள் அல்ல.

அந்தச் சூட்டில் பிறந்தது தொபாமா அசியயோன் என்ற இயக்கம். அதன் இளைஞர்கள் பெயருக்கு முன் 'தக்கின்' என்று போட்டுக்கொண்டார்கள். எஜமான் என்று பொருள். நம் பேச்சில் துரை. வெள்ளைக்காரரை அப்படி அழைப்பதுதான் அன்றைய வழக்கம். ஒரு மாணவன் தன்னையே துரை என்கிறான், யாரும் தடுக்க முடியவில்லை. துப்பாக்கியே இல்லாத கலகம்!

ஏறக்குறைய அதே காலத்தில், 1929 செங்கல்பட்டு மாநாட்டில், சுயமரியாதைக்காரர்கள் சாதிப்பட்டத்தை விடச் சொன்னார்கள். இங்கே துறப்பு, அங்கே பறிப்பு. துறப்பதே கடினம் என்பது என் எண்ணம். பறித்த பட்டத்தின்மேல் ஆசை வந்துவிடுகிறது.

தக்கின்களில் ஒருவர் ஷு மௌங். ஜப்பானியரிடம் போர்ப்பயிற்சி பெற்று 'போ நே வின்' ஆனார். 1962இல் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகள் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறி வந்த தமிழர்களில் சிலர் சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்டார்கள். பர்மா பஜார் என்று நாம் சொல்வது அதைத்தான்.