வானரக் கோளும் பால்மரத் தோட்டமும்

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1963இல் வெளியிட்ட 'குரங்குகளின் கோள்' என்னும் அறிவியல் புனைகதை, 1968இல் ஹாலிவுட் திரைப்படமாகி உலகெங்கும் பரவியது. மின்பொறியியல் கற்ற அதன் ஆசிரியர் 1930களின் பிற்பகுதியில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பணியாற்றியவர் என்பதும், அத்தோட்ட வாழ்வை 1951இல் ஒரு நாவலாகவே எழுதியவர் என்பதும் ஜொகூர்த் தமிழ் வாசகருக்கு அந்நூலை நெருக்கமாக்கும் செய்திகள்.

2500ஆம் ஆண்டில் உலிஸ் மெரூ என்னும் பத்திரிகையாளர், பேராசிரியர் ஆந்தெலுடன் திருவாதிரை விண்மீனை நோக்கிப் புறப்படுகிறார். விண்கலம் ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்வதால், வேகம் மிகுந்தோர்க்குக் காலம் மெல்ல நகரும் என்னும் சார்பியல் கோட்பாட்டின்படி, பயணிகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே கழிய, பூமியில் மூன்றரை நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. அவர்கள் சென்றடையும் சொரோர் என்னும் கோளில் மனிதர்கள் பேச்சற்ற விலங்குகளாகக் காட்டில் திரிய, கொரில்லாக்கள் அதிகாரத்தையும், ஒராங் ஊத்தான்கள் ஏட்டுக் கல்வியையும், சிம்பன்சிகள் ஆராய்ச்சியையும் தமக்குரியனவாக வைத்திருக்கின்றன.

கூண்டில் அடைக்கப்பட்ட மெரூ தம்மை அறிவுள்ளவரென்று மெய்ப்பிக்க முயலும் பகுதியே நாவலின் உயிர்நிலை. அவர் பேசினால், மூத்த அறிஞர் ஸாயியஸ் அதைப் பழக்கிய விலங்கின் வித்தையென்று ஒதுக்குகிறார். வடிவியல் படங்களை வரைந்து காட்டிய பிறகே, ஸிரா என்னும் சிம்பன்சி ஆய்வாளர் உண்மையை உணர்கிறார். 'மனிதனுக்குச் சிந்தனை இல்லை' என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தப்படும் சோதனையில், எந்த விடையும் அம்முடிவுக்கே சான்றாகிவிடுகிறது.

கதையில் ரப்பர் தோட்டம் இல்லை. தோட்டத்தை நினைத்தே அது எழுதப்பட்டது என்று கொள்ளவும் இடமில்லை. ஆயினும் லாபிஸ், சிகாமட், குளுவாங் வட்டாரங்களில் துரை, கிராணி, கங்காணி, பால்மரம் வெட்டும் தொழிலாளி என மேலிருந்து கீழாக வகுக்கப்பட்ட வாழ்வைக் கண்ட தலைமுறைக்கு, சொரோரின் அடுக்குமுறை அயலானதன்று. பட்டைக்கு உட்புறத்தில் புதிய பட்டையை ஆக்கித்தரும் மெல்லிய வளர்படை காயப்படாதவாறு, இருள் பிரியும் வேளையில் கத்தியின் ஆழத்தைக் கைப்பழக்கத்தாலேயே அளந்து சீவுவது தேர்ந்த அறிவே எனினும், வெட்டியவர் கூலியாள் என்ற பெயருக்குள் அடங்கிவிட்டதால், பெரட்டு எனப்படும் காலை ஆள் கணக்கெடுப்பில் அவர் ஓர் எண்ணாகவே நின்றார்.

எனினும் பூல், ஒடுக்கப்பட்டோர்க்காக வாதாடுவதோடு நின்றுவிடவில்லை. சொரோரில் அகழ்ந்தெடுக்கப்படும் பழைய நகரொன்றில் பேசும் மனிதப் பொம்மை கிடைக்க, அங்கும் முன்பு மனிதரே ஆண்டனர் என்பதும், ஏவலராயிருந்த குரங்குகள் அவர்களைப் பார்த்துப் பழகி, உழைக்கவும் சிந்திக்கவும் சோம்பிய எசமானரின் இடத்தைப் பிடித்தன என்பதும் தெரியவருகின்றன. ஆகவே ஆளும் தகுதி எந்த இனத்துக்கும் பிறப்புரிமையாக வந்ததன்று.

மெரூவின் கையெழுத்துப் படியை விண்வெளியில் கண்டெடுத்துப் படிக்கும் இணையர், மனிதனுக்கு இத்தனை அறிவு இருக்க முடியாதென்று அதைக் கட்டுக்கதையாகத் தள்ளிவிடுகின்றனர். அவர்களும் சிம்பன்சிகளே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. இன்பமாக வாழ்ந்து, கல்வியும் நல்லியல்பும் வாய்த்த இவ்விருவரும் ஸாயியஸ் செய்த பிழையையே செய்வதால், பிறரின் அறிவை மறுப்பதற்குக் கொடுமனம் தேவையில்லை, தன் இனமே அளவுகோல் என்ற ஐயமற்ற நம்பிக்கை போதும் என்பதை நாவல் நிறுவிவிடுகிறது.